விடுதியில் தூக்கிய கைகள்

எக்ஸிடரிலிருந்து ஊர் திரும்பும் வழியெல்லாம் ஜோத்தம் கில்பின் தன் குதிரையிடம் பேசிக்கொண்டே வந்தான். மனிதர்களிடம் பேச முடியாத விஷயம் அது. மாநாடு கலைந்துவிட்டது, ஜூன் மாதம் கான்கார்டில் மறுபடியும் கூடும். அதுவரை ஓட்டு இல்லை. இதைக் கேட்டபோது அவனுக்கு நெஞ்சில் ஏறியிருந்த கல்லை யாரோ இறக்கி வைத்தது போலிருந்தது. ஆனால் கல் போய்விடவில்லை. பக்கத்திலேயே கிடந்தது. ஜூனில் திரும்பத் தூக்க வேண்டும்.

ஆல்டர்டன் ஊர்க்காரர்கள் அவனைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஜனவரியில் ஓடை உறைந்து அவனுடைய மரம் அறுக்கும் ஆலை நின்றுவிடும். ஊரில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள் அவன்தான். அமெரிக்காவின் பதின்மூன்று மாநிலங்களையும் ஒரே ஆட்சியின் கீழ்க் கட்டும் புதிய அரசியல் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய ஆள் அனுப்பச் சொன்னார்கள். சும்மா இருந்தவனை அனுப்பினார்கள். அனுப்பும்போதே ‘வேண்டாம்’ என்றுதான் ஓட்டுப் போட வேண்டும் என்று ஊரே கைதூக்கிக் கட்டுப்பாடும் விதித்தது. நியூ ஹாம்ப்ஷயர் மலையூர்களில் இது வழக்கம். போகிறவன் ஊரின் வாய். வாய்க்குத் தனியாக மூளை எதற்கு?

அப்போது அவனும் மகிழ்ச்சியாகவே தலையாட்டினான். அவனுக்கும் அந்தச் சட்டம் பிடிக்கவில்லை. கெட்டது எங்கே என்றால், எக்ஸிடரில் பத்து நாள் உட்கார்ந்து மற்றவர்கள் பேசியதைக் காது கொடுத்துக் கேட்டான். அதுதான் அவன் செய்த ஒரே குற்றம்.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றியதுமே மனைவி ருஹாமாவிடம் சொல்லிவிட்டான். அவள் அடுப்பிலிருந்து பீன்ஸ் பானையை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் மாறிட்டேன் ருஹாமா. எனக்கு அந்தச் சட்டம் வேணும்னு தோணுது. ஆனா கை கட்டியிருக்கு."

அவள் பானையை மேசைமேல் வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப முதல்ல சாப்பிடுங்க. அப்புறம் தொண்டைக்குள்ள இறங்காது."

அவள் அண்ணன் ஏசா பிக்கரிங்தான் ஊரில் அந்தச் சட்டத்துக்கு முதல் எதிரி. ஊர்க்கூட்டமும் ஞாயிறு ஜெபமும் நடக்கும் சபைக் கூடத்துக்கு எதிரே விடுதி வைத்திருந்தான். குரல் பெரிது, மனசும் பெரிதுதான், ஆனால் குரல் எப்போதும் ஒரு முழம் முன்னால் போகும். ஜோத்தம் சோள ரொட்டியில் பாதிகூடத் தின்று முடிக்கவில்லை, ஏசா கதவைத் தட்டாமலே உள்ளே வந்தான்.

"என்ன மச்சான், ‘வேண்டாம்’னு நச்சுன்னு போட்டுட்டு வந்தியா?"

"ஓட்டு நடக்கல. ஜூனுக்குத் தள்ளி வச்சுட்டாங்க."

"ஏன் தள்ளினாங்க? நம்ம பக்கம்தான ஆளு ஜாஸ்தி?"

"ஜாஸ்திதான். ஆனா பல பேரு என்னை மாதிரி... ஊருல போய்க் கேட்டுட்டு வர்றோம்னு சொன்னாங்க."

ஏசா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தங்கையைப் பார்த்தான். அவள் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள், மூன்றாவது தடவையாக. அவனுக்குப் புரிந்துவிட்டது.

"என்னை மாதிரின்னா? எந்த மாதிரி மச்சான்? எக்ஸிடர் வக்கீலுங்க மதேரா ஒயின் ஊத்திக் கொடுத்தாங்களா? ரெண்டு கிளாஸ்ல கவுந்துட்டியா?"

"ஒரு கிளாஸ்கூடக் கொடுக்கல. கஞ்சப் பசங்க."

"சிரிக்காத. ஒரு ராஜாவைத் துரத்த எட்டு வருஷம் சண்டை போட்டோம். இப்ப இன்னொருத்தனுக்கு நாமளே நாற்காலி செஞ்சு கொடுக்கணுமா? பட்டாளம் வச்சுக்குவான், வரி போடுவான், கேட்டா ஏழு மலை தாண்டி எங்கயோ உக்காந்திருப்பான். ஊரே கையத் தூக்கி உன்னைக் கட்டியிருக்கு. கட்டுனது கட்டுனதுதான்."

"அதைத்தான் நானும் சொல்றேன். கட்டை மீற மாட்டேன். மார்ச் ஊர்க்கூட்டத்துல அவுத்து விடுங்கன்னு கேக்கப் போறேன்."

"கேளு, கேளு. நானும் பாக்குறேன்." ஏசா எழுந்தான். வாசலில் நின்று திரும்பினான். "என் தங்கச்சியை ஒரு யோக்கியனுக்குக் கட்டிக் கொடுத்தோம்னு நினைச்சிட்டிருந்தேன்."

இதுதான் ஜோத்தமுக்குச் சுருக்கென்று தைத்தது. மற்றதையெல்லாம் அவன் எதிர்பார்த்திருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபைக் கூடத்தில் அவனுடைய பெஞ்சில் யாரும் நெருங்கி உட்காரவில்லை. அந்தக் குளிரில் நெருங்கி உட்காராமலிருப்பது சாதாரண விரோதமில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வெள்ளித் தட்டு வாங்கிக்கொண்டான் என்றார்கள், சட்டத்தை ஆதரிக்கும் கடற்கரைப் பெரிய மனிதர்கள் அவனுக்கு நீதிபதிப் பதவி தரப்போகிறார்கள் என்றார்கள். மரத்தூள் தலையில் ஒட்டிய நீதிபதியை எண்ணி ருஹாமா மட்டும் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. தூக்கமும் வரவில்லை.

அவன் முன்னால் இருந்தவை மூன்று வழிகள், மூன்றும் முள்ளாக இருந்தன. ஊர் அவிழ்த்துவிட்டால் நல்லது. அவிழ்க்காவிட்டால், தான் நம்பாத ஒன்றைத் தன் வாயால் சொல்ல வேண்டும். இல்லை, சொன்ன வார்த்தையை மீறி ஓட்டுப் போட்டுவிட்டுப் பிறகு இதே ஊரில் இதே முகத்தோடு வாழ வேண்டும். இஞ்சி தின்ற குரங்கு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அவன் ஆலைக்கும் வீட்டுக்குமாக நடந்தான்.

பனி கொஞ்சம் இளகி மேப்பிள் மரங்களில் சர்க்கரை காய்ச்சும் இனிப்புச் சாறு இறங்க ஆரம்பித்த ஒரு காலையில் இருவரும் தோப்பில் வாளிகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ருஹாமா திடீரென்று வாளியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, ஜனவரிக் கூட்டத்துல உங்களைத் தேர்ந்தெடுத்தது எங்க? சபைக் கூடத்துலயா, அண்ணன் விடுதியிலயா?"

"தேர்ந்தெடுத்தது கூடத்துல. அப்புறம் குளிர் தாங்காம எல்லாரும் விடுதிக்கு ஓடினோம். கட்டுப்பாடு போட்டது அங்கதான். ஏன்?"

"கூட்டத்தை விடுதிக்கு மாத்தறோம்னு யாராவது எழுந்து சொன்னாங்களா? கூட்டத் தலைவர் டீக்கனய்யா கேட்டாரா, நீங்கல்லாம் சரின்னீங்களா?"

ஜோத்தம் யோசித்தான். சபைக் கூடத்தில் அடுப்புக் கிடையாது. அன்று மைக்கூட்டில் மை உறைந்திருந்தது. யாரோ கதவைத் திறந்தார்கள், எதிரே விடுதிப் புகைபோக்கியில் புகை தெரிந்தது. அவ்வளவுதான் அவனுக்கு நினைவிருந்தது.

"அன்னிக்கு நான் அண்ணி கூடச் சமையக்கட்டுல இருந்தேன்," என்றாள் ருஹாமா. "நீங்கல்லாம் ஆட்டு மந்தை மாதிரி உள்ள வந்தீங்க. அண்ணன் பீப்பாய் மேல ஏறி நின்னு கையத் தூக்கச் சொன்னான். எல்லாம் முடிஞ்சப்புறம்தான் டீக்கனய்யா வந்தாரு. ‘கூட்டத்துக்குத் தலைவன் நான், என்னைத் தனியா விட்டுட்டுக் கூட்டம் ஓடிப் போச்சு’ன்னு அண்ணிகிட்ட மொணமொணன்னாரு. சூடா ரம் கொடுத்தோம், சமாதானம் ஆயிட்டாரு."

ஜோத்தம் கையிலிருந்த வாளி சாய்ந்து சாறு பூட்ஸில் கொட்டியது. முறைப்படி ஒத்திவைத்து இடம் மாற்றாத கூட்டம் கூட்டமே அல்ல. அங்கே தூக்கிய கை வெறும் கை. ஆல்டர்டனில் பால் குடிக்கும் குழந்தைக்குக்கூட இது தெரியும். அப்படியானால் அவன் கட்டப்படவே இல்லை.

ஒரு நிமிடம் அவன் வானத்தைப் பார்த்துச் சிரித்தான். அப்புறம் அந்தச் சிரிப்பு மெல்ல இறங்கியது.

"இல்ல ருஹாமா. இதை நான் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"அவங்க கையத் தூக்கினதை நான் பாத்தேன். மனசாரத் தூக்கினாங்க. நானும் தலையாட்டினேன். குளிருக்கு ஓடினதைச் சாக்கா வச்சு நழுவினா, நாளைக்கு கான்கார்டுல நான் சொல்றது யாரு பேச்சு? ஊர்ப் பேச்சா, ஓட்டை வழியா ஓடி வந்தவன் பேச்சா?"

"உங்க நேர்மையை உப்புல ஊற வச்சுப் பீப்பாயில போட்டு மூடுங்க. குளிர் காலத்துல வச்சுத் திங்கலாம்," என்று சொல்லிவிட்டு அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கோபம்தான். ஆனால் அன்று ராத்திரி அவன் தட்டில் பன்றிக்கறித் துண்டு ஒன்று அதிகமாக இருந்தது.

மார்ச் கூட்டத்துக்கு ஊர் முழுவதும் வந்தது. மாடியில் பெண்கள் பின்னல் ஊசிகளோடு உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு ஓட்டுக் கிடையாது, பேச்சும் கிடையாது; பின்னுவதற்கு மட்டும் யாரும் தடை சொல்லவில்லை. டீக்கன் எலிஃபலெட் பார்க்ஹர்ஸ்ட் கழுத்தில் இரண்டு கம்பளித் துண்டுகளைச் சுற்றிக்கொண்டு மேடையில் நின்றார். கதவில் பதினைந்து நாளாக ஆணியடித்துத் தொங்கிய அறிவிப்பைப் படித்தார். அதில் உள்ளதைத்தான் பேசலாம், இல்லாததை எடுத்தால் அவர் சுத்தியலை எடுப்பார்.

முதல் விஷயம், ஜோத்தம் கில்பினைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிப்பதா வேண்டாமா என்பது.

ஏசா எழுந்து பட்டாளம், வரி, ராஜா எல்லாவற்றையும் பேசினான். பெஞ்சுகளில் கால்கள் தட்டி ஆமோதித்தன. ஜோத்தம் எழுந்தபோது கால்கள் நின்றன.

"நான் வக்கீல் இல்ல," என்றான். "ஒண்ணுதான் சொல்றேன். சண்டை நடந்தப்ப நம்ம பையங்களுக்குப் போர்வை வேணும்னு, எல்லா மாநிலத்துக்கும் பொதுவான காங்கிரஸ் சபை கேட்டு அனுப்புச்சு. இதே கூடத்துலதான் பேசினோம். அவங்களால கேக்கத்தான முடியும், கட்டளை போட முடியாதுன்னு சொல்லி அடுத்த வருஷம் பாக்கலாம்னு கையத் தூக்கினோம். நானும் தூக்கினேன். அந்தக் குளிர்ல முகாம்ல என் தம்பி செத்தான். உங்க வீட்டுலயும் ரெண்டு மூணு பேரு. அப்ப ராஜா யாரும் கொல்லல. கேக்க மட்டுமே தெரிஞ்ச ஆட்சியும், கொடுக்காத நாமளும்தான் கொன்னோம். எக்ஸிடர்ல உக்காந்து எனக்கு அதுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்துச்சு."

பின்வரிசையில் சைரஸ் ஃபிஸ்க் எழுந்தான். அதே முகாமில் ஜோத்தமின் தம்பியோடு ஒரே கூடாரத்தில் கிடந்தவன். அடிமையாகப் பிறந்து, சண்டைக்குப் போய்ச் சுதந்திரம் வாங்கியவன். இப்போது மலையடியில் சொந்த நிலம் உழுகிறான்.

"ஜோத்தம், நான் ஒண்ணு கேக்கணும். இன்னும் இருபது வருஷத்துக்கு ஆப்பிரிக்காவிலேர்ந்து ஆளுங்களைக் கப்பல்ல ஏத்திக் கொண்டு வந்து விக்கலாம்னு அந்தச் சட்டத்துல இருக்காமே. இருக்கா, இல்லையா?"

"தடுக்க முடியாதுன்னு இருக்கு."

"அதுக்கும் சேத்துத்தான் நீ ‘ஆமா’ன்னு சொல்லுவியா?"

எக்ஸிடரில் இதற்கு ஒருவர் நீளமாகப் பதில் சொன்னார். அந்தப் பதில் அங்கே நன்றாகத்தான் இருந்தது. சைரஸின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல ஜோத்தமுக்கு வரவில்லை. உட்கார்ந்துவிட்டான்.

அவிழ்க்கலாம் என்பவர்கள் கிழக்குச் சுவர் பக்கம், கூடாது என்பவர்கள் மேற்குப் பக்கம் என்றார் டீக்கன். பூட்ஸுகள் தடதடத்தன. கிழக்கே கணிசமான கூட்டம் சேர்ந்தது. ஜோத்தம் எதிர்பார்த்ததைவிட அதிகம். ஆனால் மேற்கே அதைவிடச் சற்றே அதிகம். சைரஸ் அங்கே நின்றான். ஏசா அங்கே நின்றான்.

"விடுவிக்கவில்லை," என்றார் டீக்கன்.

மாடியில் ஊசிச் சத்தம் நின்றது. ருஹாமா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து புருஷனைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லுங்கள் என்று அவள் கண் கெஞ்சியது. அவன் பார்த்தான். மாட்டேன் என்று தலையை மெல்ல ஆட்டினான்.

"சரி," என்றான் ஜோத்தம். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "உங்க தீர்ப்பு. ஆனா நம்பாததை என் வாயால சொல்ல என்னால ஆகாது. பொறுப்பை உங்ககிட்டயே திருப்பிக் கொடுத்துடறேன். வேற ஆளை அனுப்புங்க."

ஊர் அவனை நம்பி ஒப்படைத்த ஒன்றை முடிக்காமல் திருப்பிக் கொடுப்பது இதுதான் முதல் தடவை. அவமானம் காதுவரை சுட்டது.

அதை எப்படி ஏற்பது என்று டீக்கனுக்குத் தெரியவில்லை. அறிவிப்பில் அதுவும் இல்லையே. பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். ஜனவரியில் முடிவான புதுப் பாதைக்கு அளவு எடுக்க ஆள் போடுவது. அந்தப் பாதை நேராக ஏசாவின் விடுதி வாசலுக்கு வந்து சேரும். வழியில் சாடக் பெல்லின் முள்ளங்கி வயலை இரண்டாகப் பிளக்கும்.

சாடக் பெல் எழுந்தார். இவ்வளவு நேரம் மேற்குச் சுவரோரம் ஏசாவின் தோளோடு தோள் உரசி நின்றவர்.

"அந்தப் பாதையே செல்லாது," என்றார். "ஜனவரியில அதை எங்க முடிவு பண்ணீங்க? இவன் விடுதியில. கூட்டத்தை அங்க மாத்தச் சொல்லி யாரு கேட்டா? நான் ரெண்டு மாசமா யோசிச்சுப் பாத்துட்டேன். யாரும் கேக்கல. டீக்கனய்யா, நீங்களே சொல்லுங்க. கேட்டாங்களா?"

டீக்கன் ஒரு கம்பளித் துண்டை அவிழ்த்தார். அதை மடித்தார்.

"இல்ல," என்றார். "யாரும் கேக்கல. நான் இங்க தனியா தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன்."

"அப்ப விடுதியில நடந்தது என்ன?"

"விடுதியில நடந்தது குடி."

கூடம் வெடித்துச் சிரித்தது. ஏசா மட்டும் சிரிக்கவில்லை. "இத்தனை நாள் ஏன்யா வாயைத் திறக்கல?" என்று கத்தினான்.

"இத்தனை நாள் யாரும் கேக்கல. கேக்காத கேள்விக்குப் பதில் சொல்றது தலைவன் வேலை இல்ல."

சாடக் வெற்றியோடு உட்கார்ந்தார். தன் முள்ளங்கி பிழைத்தது என்பதைத் தவிர வேறெதுவும் அவருக்குத் தோன்றவில்லை. ஊரிலேயே முதலில் விழித்துக்கொண்டவன் ஏசாதான். அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதை மாடியிலிருந்து ருஹாமா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருங்க, இருங்க. அப்ப மச்சானைக் கட்டினது?"

"அதுவும் குடிதான்," என்றார் டீக்கன். "அவனைத் தேர்ந்தெடுத்தது இந்தக் கூடத்துல. அது செல்லும், பொறுப்பு இன்னும் அவன்கிட்டதான். கட்டினது செல்லாது. இல்லாத கட்டை அவுக்கலாமா வேண்டாமான்னு இவ்வளவு நேரம் ஓட்டுப் போட்டிருக்கோம்."

ஜோத்தம் பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தான்.

"இப்பவே திரும்பக் கட்டுவோம்!" என்றான் ஏசா. "ஆளு எல்லாரும் இங்கதான இருக்கோம்?"

"அறிவிப்புல இல்ல. பத்துப் பேரு கையெழுத்துப் போட்டுக் கேளுங்க, பதினஞ்சு நாள் கதவுல தொங்கட்டும், அப்புறம் கூடலாம். ஜூனுக்கு நிறைய நாள் இருக்கு."

"பேனாவைக் கொண்டா!" என்று ஏசா மேசையை நோக்கி நடந்தான். மேற்குப் பக்கத்திலிருந்து நாலைந்து பேர் அவன் பின்னால் நகர்ந்தார்கள். ஜோத்தம் எழவில்லை. கட்டட்டும். அவன் செய்ய வேண்டியது எதுவும் மிச்சமில்லை.

"அண்ணே!"

மாடியிலிருந்து வந்த குரலில் எல்லாரும் நிமிர்ந்தார்கள். ருஹாமா எழுந்து நின்றிருந்தாள். பின்னிய காலுறை கையிலிருந்து தொங்கியது.

"அவருக்கு இது முன்னாடியே தெரியும்! தோப்புல நான்தான் சொன்னேன். வாயைத் திறக்க மாட்டேன்னுட்டாரு. இப்பத் தோத்து நின்னப்பகூடச் சொல்லல!"

டீக்கன் சுத்தியலை எடுத்தார். பெண் பேசிவிட்டாள், தட்ட வேண்டும். ஆனால் அவர் சுத்தியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மாடியில் ஏதோ காற்றுச் சத்தம் கேட்டது போலக் கீழே வைத்துவிட்டார்.

ஏசா பேனாவை மையில் தோய்த்திருந்தான். அப்படியே நின்றான்.

"நிஜமா மச்சான்?"

"ம்."

"தெரிஞ்சுமா மரம் மாதிரி நின்ன? பொறுப்பை வேற திருப்பிக் கொடுத்த?"

"நீங்க கையத் தூக்கினது நிஜம்தான?"

ஏசா அவனைப் பார்த்தான். விலைபோனவன் இப்படி நிற்க மாட்டான். விலைபோனவன் முதல் நாளே டீக்கன் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பான். இந்தக் கணக்கு ஏசாவின் பெரிய முகத்தில் மெதுவாக, எல்லாரும் பார்க்கும்படி நடந்தது. அவன் பேனாவைக் கீழே போட்டான்.

"சனியன், விரல் விறைச்சுப் போச்சு," என்றான் ஊருக்கே கேட்கும்படி. "எழுத வரல. வேற யாராவது எழுதுங்கய்யா."

பின்னால் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் தன் விரல்களை ஊதினான். இன்னொருவன் கைகளைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டான். திடீரென்று மேற்குப் பக்கம் முழுவதற்கும் விரல் விறைத்துவிட்டது. சைரஸ் ஃபிஸ்க் மட்டும் மேசையருகே கொஞ்ச நேரம் நின்று யோசித்தான். அவனும் எழுதாமல் திரும்பினான்.

ஜோத்தம் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான். மூன்று வாரமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு ஒரேயடியாக வெளியே வந்தது. யாரோ அவன் பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்தார்கள், இன்னொருவரும் உட்கார்ந்தார், தோள்களின் சூடு இரண்டு பக்கமும் பட்டது.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது பாதையெல்லாம் சேறாக இருந்தது. ஏசா தங்கையையும் மச்சானையும் தாண்டிப் போவதுபோலப் போய், நின்று, திரும்பினான்.

"எனக்கு அந்தச் சட்டத்து மேல நம்பிக்கை வந்துடுச்சுன்னு நினைக்காத. வரல. வராது. பேச்சு சுதந்திரம், ஜூரி, பட்டாளம், இதுக்கெல்லாம் சட்டத்துலயே வேலி போட்டு எழுதச் சொல்லிக் கேளு. கேக்காம வந்தே, விடுதியில உனக்குத் தண்ணிகூடக் கிடையாது."

"கேக்குறேன் மச்சான்."

"சரி, இப்பவாவது சொல்லித் தொலை. அவுத்து விட்டாச்சு. ஜூன்ல என்ன போடப் போற? ‘ஆமா’தான?"

ஜோத்தம் பதில் சொல்ல வாயெடுத்தான். கட்டு இருந்தவரை இந்தப் பதிலில் அவனுக்குத் துளிச் சந்தேகமும் இருந்ததில்லை. ஓடையோரப் பாதையில் சைரஸ் தலை குனிந்து தன் வீட்டை நோக்கி நடந்து போய்க்கொண்டிருந்தான். ஜோத்தம் அவன் முதுகைப் பார்த்தான்.

"தெரியல," என்றான்.

"என்னது?"

"‘ஆமா’ன்னுதான் தோணுது. ஆனா சைரஸ் கேட்டதுக்கு என்கிட்ட இன்னும் பதில் இல்ல. நாளைக்கு அவன் வீட்டுக்குப் போறேன். அப்புறம் கான்கார்டுல எல்லாரும் பேசுறதைக் கேக்கணும். கேட்டுட்டுத்தான் சொல்ல முடியும்."

ஏசா அவனை முறைத்தான். பிறகு தங்கையைப் பார்த்தான்.

"இதுக்காடி இவ்வளவு கூத்தும்?" என்றான்.

"இதுக்குத்தான் அண்ணே," என்றாள் ருஹாமா.